மிளகாய் வாடுகிறது, குதிரைவாலி நிற்கிறது: இதையே ஆராய்ச்சியாக எடுத்துப் படிக்கலாமா?

கடலோரச்செடி:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் தேவிபட்டினம் பக்கம், பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம். அப்பா முண்டு மிளகாய் போட்டிருக்கிறார், வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் குதிரைவாலி. போன மார்கழியில் மழை விட்டதும் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் மிளகாய் இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது, குதிரைவாலி அசராமல் நிற்கிறது. ஒரே மண், ஒரே மழை. செடி கரியமில வாயுவைப் பிடிக்கும் இரண்டு வழிகளை சி3, சி4 என்று படம் வரைந்து மார்க் வாங்கியவள்தான், ஆனால் அன்றைக்குத்தான் அது உறைத்தது, இதையே தொடர்ந்து படிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரே நினைப்பு. வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்கள். "ஆராய்ச்சி என்றால் எத்தனை வருஷம், அதுவரை சோத்துக்கு என்ன வழி" என்று அம்மா கேட்கிறார். துறையில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

பரமக்குடி அண்ணன்:
தங்கச்சி, நான் பயிர் வினையியல், அதாவது பயிர் உடம்பு எப்படி இயங்குகிறது என்ற படிப்பு. முதலில் அம்மா கேட்டதற்குப் பதில். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் பணம் மாதாமாதம் வரும் என்று நம்பாதே, எனக்கு ஒரு தடவை ஐந்து மாதம் வரவில்லை, நண்பன் அறையில்தான் சாப்பாடு. பட்டம் வாங்கி நிரந்தர வேலை கிடைக்க மேலும் நான்கு வருஷம் ஆனது.

இப்போது உன் வரப்புக்கு வருவோம். கரியமில வாயு உள்ளே வருவதும் தண்ணீர் வெளியே போவதும் ஒரே இலைத்துளை வழியாகத்தான், ஒரு மூலக்கூறு கரியமில வாயு பிடிக்க மிளகாய் மாதிரி சி3 செடி நூற்றுக்கணக்கான தண்ணீர் மூலக்கூறுகளை இழக்கிறது. குதிரைவாலி சி4, வந்த வாயுவை உள்ளே ஓர் அறையில் குவித்து வைத்துச் சர்க்கரை ஆக்குகிறது, அதனால் துளையைப் பாதி சாத்திக்கொண்டே பிழைக்கும். 1966-ல் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பு இலையில் இந்த வழியை விளக்கினார்கள்.

எனக்கு ஆசை பிடித்தது ஆஸ்திரேலியத் தாவர விஞ்ஞானி கிரகாம் ஃபார்குவாரின் வேலையைப் படித்துத்தான். காற்றிலுள்ள கார்பனில் நூற்றுக்கு ஒன்று போல கனமான கார்பன்-13. இலை வழக்கமாக அதை ஒதுக்கும், துளையைச் சாத்திச் சிக்கனமாக இருக்கும் செடி அவ்வளவாக ஒதுக்க முடியாது. ஆகவே ஒரு சிட்டிகை காய்ந்த இலைத்தூள் போதும், அந்தச் செடி பருவம் முழுக்கத் தண்ணீரை எப்படிச் செலவழித்தது என்று கணக்கெடுக்கலாம். 1982-ல் இந்தக் கணக்கு வந்தது, அதை வைத்துத் தேர்ந்தெடுத்த டிரைஸ்டேல் கோதுமை ஆஸ்திரேலியாவில் 2002-ல் வெளியானது. இருபது வருஷம்! இந்தத் துறையின் நடை அது. அப்புறம், துளையைச் சாத்தும் செடி தண்ணீரோடு சேர்த்து விளைச்சலையும் குறைத்துக்கொள்ளும், அந்த இழுபறிக்குள்ளேதான் நம் வேலை முழுக்க.

காரங்காடு அக்கா:
கடலோரத்துப் பிள்ளை வறட்சியை மட்டும் பார்க்காதேம்மா. அலையாத்திக் காட்டில் முட்டளவு தண்ணீர் நிற்கும், ஆனால் உப்புத் தண்ணீரை இழுத்துக் குடிப்பது செடிக்குப் பெரும்பாடு. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடும், மீதியை இலை வழியாகக் கக்கும். வெயில் ஏறியபின் ஒரு இலையைப் பார், வெள்ளையாகப் பூத்திருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். நான் வாயு அளக்கும் கருவியை அந்த இலையில் மாட்டி, அளவு நிலைக்கும்வரை படகு ஆடாமல் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பேன்.

முதுகுளத்தூர் சம்சாரி:
நானும் முண்டு மிளகாய்தான். 2023-ல் புவிசார் குறியீடு வந்தது, சந்தோஷம், தண்ணீருக்குத்தான் வழியில்லை. அளக்க வருகிறவர்கள் எல்லாம் உச்சி வெயிலில் வந்து போகிறார்கள். விடியக்காலம் நாலு மணிக்கு இலை நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நிமிரவில்லை என்றால் அந்தச் செடி தேறாது. நீ படிச்சு வந்தால் அந்த நேரத்துக்கு வா தாயி.

பரமக்குடி அண்ணன்:
அண்ணாச்சி சொல்வதுதான் எங்கள் பாடமும். விடியுமுன் இலையை அறுத்து அழுத்தக் கலத்தில் வைத்து அளப்போம், மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்க வேர் எவ்வளவு சிரமப்படுகிறது என்று அது காட்டும்.

தங்கச்சி, கருவி கிடைக்கும்வரை காத்திருக்காதே. இரண்டு வாளி, ஒன்றில் மிளகாய், ஒன்றில் குதிரைவாலி. மண்ணைப் பாலித்தீனால் மூடி, தண்டைச் சுற்றிக் கட்டிவிடு. தினமும் ஒரே நேரத்தில் எடை போடு, குறைவது இலை வழியாகப் போன தண்ணீர், அளந்து ஊற்று. கடைசியில் செடியைக் காயவைத்து நிறுத்தால் லிட்டருக்கு எத்தனை கிராம் வளர்ந்தது என்று தெரியும்.

கடலோரச்செடி:
செய்கிறேன் அண்ணே, மாமா கடையில் தராசு இருக்கிறது. மண் எங்கள் வயல் மண்ணா, கடற்கரை மணலா?

பரமக்குடி அண்ணன்:
வயல் மண்தான். வாளி அடியில் ஓட்டை இருக்கக் கூடாது. செடி வைக்காமல் மூன்றாவதாக ஒரு வாளியும் வை, பாலித்தீனைத் தாண்டி எவ்வளவு ஆவியாகிறது என்று அதில் பார்த்துக் கழித்துவிடலாம்.