டெலீட், ரிமூவ், இரேஸ்: எதற்கு ‘நீக்கு’, எதற்கு ‘அழி’?

வணக்கம்.

டெலீட்டுக்கு ‘நீக்கு’, ரிமூவுக்கு ‘அகற்று’, இரேஸுக்கு ‘அழி’ என்று, மென்பொருள் பொத்தான்களைத் தமிழாக்க நேற்று இங்கே வந்த பட்டியல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ‘அகற்று’ என்றாலே ஆக்கிரமிப்பை இடிக்க வரும் ஜேசிபிதான் கண்முன் நிற்கிறது. அதை விடுங்கள், சிக்கல் ‘நீக்கு’வில் இருக்கிறது.

போன மாதம் அக்கா கைப்பேசியில் ஒரு ஆல்பத்துக்குள் தவறிச் சேர்ந்த படங்களை எடுத்துவிடப் போனாள். இடைமுகம் தமிழில். ஆல்பத்திலிருந்து மட்டும் எடுக்கவும் ‘நீக்கு’, படத்தையே ஒழிக்கவும் ‘நீக்கு’. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் காணாமல் போய்விட்டன. நல்லவேளை, குப்பைத்தொட்டியில் கிடந்தன.

இந்த வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது. கட்சியிலிருந்து ஒருவரை நீக்கினால் ஆள் இருப்பார், மறுநாளே வேறு துண்டு போட்டுக்கொண்டு வருவார். வாக்காளர் பட்டியல் திருத்தத்தில் ஆங்கிலத்தில் டெலிஷன் என்று இருப்பதைத் தமிழில் ‘நீக்கல்’ என்கிறோம், ‘அழித்தல்’ என்று யாரும் சொல்வதில்லை. சிலேட்டில் எழுதியதையும் வாசல் கோலத்தையும்தான் அழிக்கிறோம், அழித்தபின் அது எங்கேயும் இல்லை. ஆகவே ஆங்கில வினையைப் பார்க்காமல், பொத்தானை அழுத்தியபின் அந்தப் பொருள் வேறெங்காவது இருக்குமா என்று கேளுங்கள். இருந்தால் நீக்கு, இல்லையென்றால் அழி. பாட்டுவரிசையிலிருந்து பாட்டை நீக்கலாம், கோப்பை அழிக்கலாம்.

யுனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை அழித்தாலும் உண்மையில் அழிவதில்லையே என்று யாராவது கேட்பீர்கள். சரிதான், கோப்பை அழிக்க நிரல் இயங்குதளத்துக்கு விடுக்கும் அழைப்பின் பெயரே அன்லிங்க், அதாவது தொடுப்பை அறுப்பது. அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும் பெயரைத்தான் வெட்டுகிறது, அதே கோப்புக்கு இன்னொரு வன்தொடுப்பு, அதாவது வேறொரு பெயர், இருந்தால் கோப்பு அப்படியே இருக்கும், இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை தரவு வட்டில் கிடக்கலாம், மீட்புக் கருவிகள் பிழைப்பதே அதனால்தான். ஆனால் பயனருக்கு அது போனது போனதுதான். தரவின் சுவடே இல்லாமல் செய்யும் இரேஸுக்கு ‘துடைத்தழி’ என்று வைத்துக்கொள்ளலாம். தேடல் பெட்டியில் வரும் கிளியருக்கு வெறும் ‘துடை’ போதும். அன்இன்ஸ்டாலுக்கு ‘நிறுவல் நீக்கு’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதைத் தொடவேண்டாம்.

குப்பைத்தொட்டிக்குப் போகும் டெலீட்தான் இடிக்கிறது. என் கணக்குப்படி பொருள் இன்னும் இருக்கிறதே, ‘அழி’ என்பது பொய். ‘குப்பையில் போடு’ என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் பொத்தானுக்குள் அடங்குமா? சிறிய திரைக் கைப்பேசி உள்ளவர்கள் யாராவது போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.