நைஜீரியாவில் இருந்தவர்கள், நைஜீரியர்களோடு பழகியவர்கள் வாருங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேலம் (லாகோஸ், 2008 முதல் 2017 வரை)

ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் கேள்வி "அங்க பயமா இல்லையா?" என்பதுதான். இரண்டாவது, லாட்டரி விழுந்ததாக வரும் அந்த மோசடி மின்னஞ்சல் கதை. ஒன்பது வருடம் எனக்குச் சோறு போட்ட ஊரைப் பற்றிப் பேச இவ்வளவுதானா இருக்கிறது என்று மனசு கஷ்டப்படும். அதனால் நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எனக்கு வயர், சுவிட்ச் விற்கும் ஒரு கம்பெனியில் வசூல் வேலை. வாரத்தில் மூன்று நாள் லாகோஸின் அலாபா சந்தையில் கிடப்பேன். அங்கே கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தென்கிழக்கு நைஜீரியாவைச் சேர்ந்த இக்போ இன மக்கள். முதலாளியை ஓகா என்பார்கள். எனக்கு மிகவும் வேண்டிய ஓகா ஒருவர் இருந்தார், நெவி ஊர்க்காரர், அவர் கடையில் பதினாறு வயதில் வந்து சேர்ந்த பையன் ஒருவன். சம்பளம் கிடையாது. சாப்பாடு, தங்க இடம், உடுப்பு எல்லாம் ஓகா பொறுப்பு, இத்தனை வருடம் என்று இரண்டு குடும்பமும் முன்கூட்டியே பேசிக்கொள்ளும். இதற்கு இக்பா போயி என்று பெயர். செட்டிநாட்டுக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலே வந்த கதைகளைக் கேட்டவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அந்தப் பையன் விடிகாலையில் கடை திறப்பான், பெருக்குவான், அட்டைப்பெட்டியைத் தலையில் வைத்துக் கூட்டத்துக்குள் ஓடுவான். இரண்டு வருடத்தில் வயரை விரல் நடுவில் உருட்டியே அதன் சைஸ் ஒன்றரையா இரண்டரையா என்று சொல்ல ஆரம்பித்தான். நான் பில்லில் எங்காவது தப்பு செய்தால் ஓகாவுக்கு முன்னால் அவன் கண்டுபிடிப்பான்.

ஆறு வருடம் முடிந்ததும் அவனை "செட்டில்" பண்ணும் நாளுக்கு என்னையும் கூப்பிட்டார் ஓகா. லாகோஸின் ஃபெஸ்டாக் பகுதியில் அவர் வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மரத்தட்டில் கோலா கொட்டை. மூத்தவர் அதைக் கையில் எடுத்து இக்போவில் நீண்ட நேரம் பிரார்த்தனை செய்தார். ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கும் புரியுமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "கோலாவுக்கு ஆங்கிலம் தெரியாது" என்றார், அது அவர்கள் எப்போதும் சொல்வது. கொட்டையைப் பிளந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள், வாயெல்லாம் கசந்தது. அப்புறம் ஒரு வருடக் கடை வாடகை, கொஞ்சம் சரக்கு, ஒரு கட்டுப் பணம் எல்லாம் பையன் கைக்குப் போனது. பையனின் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே பாடினார்.

அதற்குப் பிறகு ஓகா என் பக்கம் திரும்பி, "இவனுக்கு என் பேரில் மூன்று மாதக் கடன் கொடு" என்றார். பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான். இருபது வருடம் சேர்த்த நற்பெயரை அப்படியே தூக்கி ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டார். கடையும் எங்கோ இல்லை, அதே வரிசையில் நாலு கடை தள்ளி. போட்டி ஆகாதா என்று கேட்டேன். "அவனிடம் இல்லாத சாமானைக் கேட்டால் ஆளை என்னிடம்தானே அனுப்புவான்" என்றார்.

ஓகாவின் அப்பா, இக்போ பகுதி தனி நாடாகப் பிரிய முயன்றபோது நடந்த பியாஃப்ரா போரைப் பார்த்தவர். 1970ல் போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கணக்குக்கு 20 பவுண்டுதான் திரும்பக் கிடைத்ததாம். அதிலிருந்து ஒரு சமூகம் இவ்வளவு கடைகளோடு எழுந்து நின்றதென்றால், ஒருவன் இன்னொருவனைக் கைதூக்கி விட்ட இந்த வழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எல்லா ஓகாவும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஐந்து வருடம் உழைப்பை வாங்கிக்கொண்டு, கடைசி மாதத்தில் திருட்டுப் பழி போட்டு விரட்டியவர்களையும் அதே சந்தையில் பார்த்திருக்கிறேன்.

*

சென்னை (முன்பு போர்ட் ஹார்கோர்ட்)

அண்ணா, படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை, நான்கு வருடம் போர்ட் ஹார்கோர்ட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் கலபாரி இனத்து அம்மா ஒருவர். ஆன்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும், வயதில் மூத்தவரைப் பேர் சொல்லி அழைப்பது அங்கேயும் மரியாதைக் குறைவுதான்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் என் ஊர் மெட்ராஸ் என்றேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். மேலே வெல்வெட், பட்டு. அடியில், பழைய வேட்டியில் சுற்றி வைத்ததுபோல ஒரு மூட்டை. பிரித்தால் சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட பருத்தித் துணி. என் தாத்தா கட்டியிருந்த கைலி மாதிரியே இருந்தது! "இஞ்சிரி" என்றார், "உங்க ஊர்த் துணி." மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அசல் மெட்ராஸ் துணிக்கு ஒரு வாசனை உண்டாம், அதை வைத்துத்தான் போலியைப் பிரிப்பார்களாம்.

நம் பக்கத்துக் கைத்தறியில் நெய்த துணி ஐரோப்பியர் கப்பலில் ஏறி நூற்றாண்டுக் கணக்காக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. வியாபாரப் பெயர் ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப். இக்போ பெண்கள் விசேஷத்துக்கு இடுப்பில் கட்டும் துணிக்கு ஜார்ஜ் என்று பெயர், நம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் அது என்கிறார்கள். நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோன கோட்டை!

கலபாரிப் பெண்கள் வந்த துணியை அப்படியே கட்டிக்கொள்வதோடு நிற்கவில்லை. ஆன்ட்டி என் முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினார். ஊசி முனையால் வெளிர் நிற நூல் ஒன்றை லேசாக நெம்பித் தூக்குவார், பிளேடால் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, நூலை உருவி எடுப்பார். அடுத்த நூல். இப்படியே போனால் பழைய கட்டம் மறைந்து, வலை போல வேறொரு உருவம் வரும். பெலெத்தே பிதே என்று பெயர். ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகும், கண் போய்விடும். வெளியூரிலிருந்து வந்த துணியில் நூலைக் கழித்து அதைத் தங்கள் துணியாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்தால், கல்யாணம் என்றால், வீட்டில் பெரியவர் இறந்தால் படுக்கையை அலங்கரிக்க, எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டி திறக்கும். பெட்டி அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். எனக்கு ஒரு முழம் வெட்டித் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது அவர் மகளுடையது.

*

திருப்பூர்

நான் நைஜீரியா போனதில்லை, அவர்கள்தான் எங்கள் காதர்பேட்டைக்கு வந்தார்கள். பனியன், டி‑சர்ட் மொத்தமாக எடுக்க வருவார்கள். என் கடைக்கு நாலு வருடம் தொடர்ந்து வந்தவர் லாகோஸ் தீவில் இருக்கிற பலோகுன் சந்தையில் விற்பவர். பண்டலைப் பிரித்தால் முதலில் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்ப்பார், அடுத்தது தோள்பட்டைத் தையல், அப்புறம்தான் விலை. "அண்ணா, லாஸ்ட் சொல்லு" என்று தமிழில்தான் பேரம். பேசி முடித்தால் முடித்ததுதான், ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

அவருக்கு வீடு கிடைக்கத்தான் பட்ட பாடு. நிறத்தைப் பார்த்தே இல்லை என்றார்கள், வாடகையை இரண்டு மடங்கு கேட்டார்கள். கூடப் போய்ப் பேசியவன் நான், எனக்கு இன்றைக்கும் அந்த வெட்கம் இருக்கிறது. நம் ஆட்களை வெளிநாட்டில் இப்படி நடத்தினால் நாம் என்ன கொதி கொதிப்போம். என் மகளுக்குக் காதுகுத்து என்றதும் முழு வெள்ளை அங்கியும் தொப்பியுமாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். எங்கள் அம்மா இன்னும் அவரை விசாரிக்கிறார்.

*

மதுரை (சுருலேரே, லாகோஸ்)

பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் இங்கே வந்த இரண்டாவது மாதம் ஆபீசில் ஒரு கல்யாணம். அசோ எபி என்று எல்லாரும் ஒரே துணியில் தைத்துப்போட வேண்டும், எனக்கும் அளவெடுத்துத் தைத்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் கக்கத்தில் இடுக்கிய மேளத்தோடு வந்தார். நடு இடுப்பு சிறுத்து, இரண்டு பக்கமும் தோல், சுற்றிலும் கயிறு. கயிற்றை முழங்கையால் அமுக்க அமுக்கக் குரல் ஏறி இறங்குகிறது. எங்கள் ஊர்க் கோடாங்கி உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்துவாரே, அதேதான்! யொரூபா மொழியில் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும், அதனால் இந்த மேளம் தாளத்தோடு நிற்காமல் நிஜமாகவே பேசும். மணமகனின் அப்பா முன்னால் நின்று அவருடைய குடும்பப் புகழை வாசித்தார், ஒரிகி என்பார்கள். அதுவரை விறைப்பாக நின்ற மனிதர் மெதுவாகத் தோளை ஆட்டி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார். உடனே நெற்றியில் நைரா நோட்டு ஒட்டுகிறார்கள். (நோட்டை இப்படி இறைப்பது 2007 சட்டப்படி குற்றம், 2024ல் சிறைக்குப் போனவர்களும் உண்டு, ஆனாலும் ஆசை விடவில்லை.)

லாகோஸின் இகேஜாவில் இருக்கும் நியூ ஆஃப்ரிகா ஷ்ரைன் என்ற பாட்டுக் கூடத்துக்கு அக்டோபரில் போய்ப் பாருங்கள். மறைந்த பாடகர் ஃபேலா குட்டியின் பிறந்த நாளையொட்டி ஒரு வாரம் பாட்டும் கூத்துமாக இருக்கும். ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பாடியதற்காக 1977ல் அவர் வீட்டையே படைவீரர்கள் கொளுத்தினார்கள், அப்போது ஜன்னல் வழியே தூக்கி எறியப்பட்ட அவருடைய அம்மா அடுத்த வருடம் இறந்தார். அந்த மனிதரின் பாட்டை இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகள் வரி விடாமல் பாடுகிறார்கள். 2021 மார்ச்சில் நைஜீரியப் பாடகர் பர்னா பாய்க்கு கிராமி இசை விருது கிடைத்த மறுநாள் காலை எங்கள் ஆபீஸ் காவலாளி கேட்டைத் திறந்துகொண்டே "வி டோன் வின்!" என்றார், நாம ஜெயிச்சிட்டோம் என்று அர்த்தம். அவர் சொந்தத் தம்பிக்குக் கிடைத்தது போல இருந்தது அவர் முகம்.

*

நாகர்கோவில் (லெக்கி)

நான் டாங்கோட்டே சுத்திகரிப்பு ஆலைக் கட்டுமானத்தில் ஒப்பந்தக்காரரிடம் பைப் வேலை பார்த்தவன். நாளுக்கு 6,50,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் அளவுக்குப் பெரிய ஆலை. கச்சா எண்ணெய் விற்கிற நாடு பெட்ரோலை வெளியே வாங்கிக்கொண்டிருந்தது, பங்கில் விடிய விடிய வரிசையில் நின்றிருக்கிறேன். 2024 செப்டம்பரில் அந்த ஆலையிலிருந்து முதல் பெட்ரோல் வந்தபோது நான் ஊருக்கு வந்துவிட்டேன். என்னோடு வெல்டிங் செய்த எடோ மாநிலத்துப் பையன் லாரி போட்டோவை அனுப்பி, "நம்ம ஜாயின்ட் லீக் ஆகலை" என்று எழுதியிருந்தான். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

*

சென்னை (முன்பு போர்ட் ஹார்கோர்ட்)

ஒன்று விட்டுப்போச்சு. சனிக்கிழமை காலை அகாரா! காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயம், மிளகாயோடு அரைத்து, நுரைக்க அடித்து எண்ணெயில் போடுவது. நம் வடைக்கு அக்கா தங்கை. இன்னும் வீட்டில் செய்கிறேன்.

*

சேலம்

எல்லாருக்கும் நன்றி. திருப்பூர் அண்ணா, நீங்கள் கூடப் போய்ப் பேசியதை அவர் ஊரில் நிச்சயம் சொல்லியிருப்பார்.

இதை எழுதப்போகிறேன் என்று அலாபா பையனிடம் சொன்னேன். பையன் என்ன, இப்போது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. நேற்று வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் கடை இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே திரும்பி யாரையோ சத்தமாகக் கூப்பிட்டான். ஒல்லியாக ஒரு பையன் கையில் வயர் சுருளோடு வந்து நின்று எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னான். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். "ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இன்னும் வித்தியாசம் தெரியலை" என்று சொல்லிச் சிரித்தான் அலாபா ஓகா.