கீபோர்டுல வெளி மிடி கன்ட்ரோலர் மாட்டுன அனுபவம், நம்ம நெல்லை ஆளுங்க எல்லாரும் சொல்லுங்க

அம்பாசமுத்திரம் பக்கம், கீபோர்டு:

கோயில் கொடை, கல்யாண வீடு, சடங்கு வீடுன்னு பதினோரு வருசமா கீபோர்டு வாசிக்கேன். என்ட்ட இருக்கது 61 கீ உள்ள சாதாரண செட்டுதான், ரிதம் டோன் எல்லாம் உள்ளயே இருக்கும், பின்னாடி மிடிக்குன்னு உள்ள பழைய அஞ்சு பின் ஓட்டை கெடையாது, பிரிண்டருக்கு மாட்டுவோம்லா அந்தச் சதுர யூஎஸ்பி ஓட்டை மட்டும்தான். பாட்டுக்கு நடுவுல வயலின் பிட்டு முடிஞ்ச கையோட நாதஸ்வரம் பிட்டு வரும், அந்த எடத்துல டோன் மாத்த ஒரு செகண்டு கூட கெடைக்காது, வருசக்கணக்கா அதுல திணறியிருக்கேன். அதுக்காகத்தான் போன ஆடி மாசம் 25 கீ உள்ள சின்ன கன்ட்ரோலர் ஒண்ணு வாங்குனேன். அதுக்குன்னு சொந்தமா சத்தம் கெடையாது, வேற ஒண்ணுல மாட்டுனாத்தான் பேசும். மிடிங்கிறது ஒரு கருவி இன்னொரு கருவிக்கு என்ன வாசிக்கணும்னு சொல்லி விடுத முறை.

ராத்திரி பிள்ளைங்க படுத்த பெறகு தார்சால வச்சு மாட்டிப் பாத்தேன். பிரிண்டர் ஒயரு, அதுக்கு மேல ஒரு கன்வெர்ட்டர், கீபோர்டுல ஒரு முனை கன்ட்ரோலர்ல ஒரு முனை. லைட்டே எரியல. ஒயர மாத்துனேன், திருப்பிப் போட்டேன், கீபோர்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன், ஒண்ணும் நடக்கல. பொருள் செத்தது போலன்னு மறுநாள் காலைல பஸ் ஏறி டவுனுக்குக் கொண்டு போனேன். கடைத் தம்பி ஒரு வார்த்த பேசல, வாங்கி அவன் கம்ப்யூட்டர்ல சொருகுனான், அதுல தட்டுறதுக்கு உள்ள எட்டு பேடும் பளிச்சுன்னு எரிஞ்சிட்டு. பெறகு சொன்னான், "அண்ணாச்சி, ரெண்டு வீடும் பொண்ணு வீடா இருந்தா சம்பந்தம் யாரு பேசுவா, நடுவுல ஒரு தரகர் வேணும்லா".

விசயம் அதுதான். கீபோர்டுல உள்ள சதுர ஓட்டையும் கன்ட்ரோலர்ல உள்ள ஓட்டையும் ஒரே சாதி, ரெண்டும் ஒரு கம்ப்யூட்டரு வந்து நம்மள கூப்பிடும்னு காத்துக்கிட்டே இருக்கும். கீபோர்டோட சதுர ஓட்டையில இருந்து கரண்டும் வெளிய வராது, அதான் கன்ட்ரோலர் லைட்டே எரியல. நடுவுல லேப்டாப்போ, ஓடிஜி (போன்ல யூஎஸ்பி சாமான் மாட்டுற கன்வெர்ட்டர்) போட்ட போனோ, இல்லன்னா கம்ப்யூட்டர் எடத்துல நிக்கிறதுக்குன்னே விக்கிற ஹோஸ்ட் பாக்ஸோ இருந்தாத்தான் பேச்சு நடக்கும்.

நான் பழைய ஆண்ட்ராய்டு போன வச்சு ஆரம்பிச்சேன். ஆண்ட்ராய்டு 6ல இருந்து போனுக்குள்ளயே மிடி வசதி உண்டு, ஆனா இதுல இருந்து அதுக்கு அனுப்புன்னு சொல்ல ஒரு ஆப் வேணும். ஓடிஜில ஒரு ஹப்பு (ஒரு ஓட்டைய பல ஓட்டையாக்குற பெட்டி), ஹப்புல ரெண்டு ஒயரு. ஹப்புக்குத் தனி அடாப்டர் போடாம விட்டுட்டேன், கன்ட்ரோலர் போன்ல இருந்தே கரண்ட் உறிஞ்சி ஒரு மணி நேரத்துல போன் படுத்துட்டு. அடாப்டர் உள்ள ஹப்பு வாங்குன பெறகுதான் நிம்மதி.

சத்தம் வந்துச்சு, வந்ததெல்லாம் பியானோ. கீபோர்டு பேனல்ல வயலின் போட்டாலும் பியானோ, வீணை போட்டாலும் பியானோ. ரெண்டு நாளு மண்டை காஞ்சிட்டு. அப்புறம்தான் புரிஞ்சுது, பேனல்ல நாம போடுத டோன் கீபோர்டோட சொந்த கீக்கு மட்டும்தான், வெளிய இருந்து வர்றத அது 16 சேனலாப் பிரிச்சு வாங்குது, எந்தச் சேனலுக்கு என்ன டோன்னு நாமதான் நம்பர் அனுப்பணும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான டோன் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல 112 ஷெனாய், நாதஸ்வரத்துக்கு அடுத்தபடி நம்ம காதுக்கு ஒத்துப் போறது அதுதான். 112ன்னு அனுப்புனேன், டிங்ங்னு மணிச்சத்தம்! லிஸ்ட் 1ல இருந்து எண்ணுது, என் கன்ட்ரோலர் 0ல இருந்து எண்ணுது, அதனால அடுத்த வீட்டுக் கதவத் தட்டியிருக்கேன். 111 போட்டவுடனே ஷெனாய் வந்துச்சு பாருங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு வீட்டம்மாவ எழுப்பிக் கேக்க வச்சேன்.

நான் இத எப்படி வெளங்கிக்கிட்டேன்னா, ஊர்ல தாக்கல் சொல்லி விடுதோம்லா, மிடி அதுதான். ஒயருல சத்தம் போகாது. இந்தக் கீய அமுக்கியாச்சு, இவ்வளவு வேகமா அமுக்கியாச்சு, இப்போ விட்டாச்சுன்னு தாக்கல் மட்டும்தான் போகும். தாக்கல் யாருக்குப் போச்சு, போய்ச் சேந்துச்சான்னு பாத்தா பாதிச் சிக்கல் அவுந்துரும். உங்களுக்கு என்ன என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

பாளையங்கோட்டை, சர்ச் கொயர்:

அண்ணன் சொன்ன தாக்கல் கணக்கு எனக்கு நடந்ததுக்கு அப்படியே பொருந்துது. நான் எங்க சர்ச்ல ஆர்கன் வாசிக்கேன், 88 கீ கன்ட்ரோலர், சத்தம் பழைய மாடூல்ல (கீ இல்லாம சத்தம் மட்டும் குடுக்குற பெட்டி) இருந்து, நடுவுல அஞ்சு பின் ஒயர். ஒரு பண்டிகை ஆராதனையில பாட்டு முடிய மூணு நாலு கீ சேத்து ஒரு கார்டு பிடிச்சிருக்கேன், பக்கத்துல நின்ன சின்னப்புள்ள கால் தட்டி ஒயரு உருவிட்டு. கைய எடுத்துட்டேன், சத்தம் நிக்கல. சபை முழுக்க முழங்கால்ல இருக்கு, ஐயர் ஜெபம் ஆரம்பிக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க, ஆர்கன் மட்டும் ங்ங்ங்னு நின்னு ஊதுது. பியானோ டோன்னா தானா அடங்கியிருக்கும், ஆர்கனுக்கு ஓய்வே கெடையாது, கீய விட்டாச்சுங்கிற தாக்கல் வந்தாத்தான் நிக்கும், அந்தத் தாக்கல் வர்றதுக்கு முன்னாடி ஒயரு போயிட்டு. மிக்சர்ல வால்யூம எறக்கி, மாடூல ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன். அன்னைக்கு நெஞ்சு அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்கு.

சில கீபோர்டு "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு 300 மில்லி செகண்டுக்குள்ள ஒரு தடவையாவது தாக்கல் அனுப்பிக்கிட்டே இருக்குமாம், அது நின்னுச்சுன்னா எதிர்ல உள்ளது தானா எல்லாத்தையும் அமத்திரும். என் கன்ட்ரோலர் அத அனுப்பாது. இப்போ கன்ட்ரோலர்ல ஒரு பட்டன 123க்கு வச்சிருக்கேன், எல்லா நோட்டையும் நிறுத்துங்கிற கட்டளை அது. ஆனா ஒயரே கழண்டு கெடந்தா அதுவும் போய்ச் சேராதுல்லா, திரும்ப சொருகிட்டு அமுக்கணும். அதனால ஒயர ஸ்டாண்டு கால்ல ஒரு சுத்து சுத்தி நாடா போட்டுக் கட்டிருதேன்.

இன்னொண்ணு, சஸ்டெயின் பெடல் (கால்ல அமுக்குனா நோட்டு நீண்டு ஒலிக்கும்லா, அது) தலைகீழா வேலை செய்யுதுன்னு ரொம்பப் பேரு கடைக்கு அலையுதாங்க. நெறைய கீபோர்டுல ஆன் பண்ணுத நேரத்துல பெடல் எந்த நெலையில இருக்கோ அதத்தான் காலு எடுத்த நெலைன்னு எடுத்துக்கும். காலத் தூக்கிட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, முக்காவாசி அதுலயே சரியாயிரும்.

வள்ளியூர், பேட்:

நான் ரிதம் பேட் வாசிக்கிறவன். என் பேட்ல உள்ள தவில் சத்தம் எனக்குத் திருப்தி இல்ல, நண்பன் கீபோர்டுல நல்ல டிரம் கிட் இருந்துச்சு, பேட்ல அஞ்சு பின் அவுட் இருக்கு அவன் கீபோர்டுல இன் இருக்கு, மாட்டுனோம். அடிச்சா பியானோ நோட்டு டொக்கு டொக்குனு வருது. பேட் வேற சேனல்ல அனுப்பிக்கிட்டு இருந்துருக்கு, டிரம்முக்குன்னு பொதுவா ஒதுக்குனது 10ம் சேனல். மாத்துனோம், டிரம் வந்துச்சு, ஆனா கிக் அடிச்சா வேற என்னமோ சத்தம். ஒவ்வொரு பேடுக்கும் நோட்டு நம்பர் உண்டு, 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடுன ஹை-ஹேட், 46 தொறந்தது. எட்டு பேடுக்கும் பேப்பர்ல எழுதி வச்சு ஒண்ணு ஒண்ணா மாத்துனோம், ஒரு சாயங்காலம் ஓடிட்டு.

அடுத்து, நடுவுல லேப்டாப் வச்சு மாட்டுனப்போ கீபோர்டுல ஒரு கீ தொட்டா ரெண்டு தடவ கேக்குது, கார்டு பிடிச்சா பாதி நோட்டு முழுங்குது. கீபோர்டு அனுப்புன தாக்கல லேப்டாப் திரும்ப கீபோர்டுக்கே அனுப்பிருக்கு. தானே வாசிச்சது ஒண்ணு, சுத்தி வந்தது ஒண்ணு. கீபோர்டு செட்டிங்ல லோக்கல்னு இருக்கும், அத ஆஃப் பண்ணுனா தன்னோட கீக்குத் தான் சத்தம் குடுக்காது, சுத்தி வர்றதுக்கு மட்டும் குடுக்கும். ஒத்தையா வாசிக்கும்போது திரும்ப ஆன் பண்ண மறந்துட்டா கீபோர்டு ஊமை ஆயிரும், அதையும் சொல்லிருதேன்.

அடிச்சதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல இழுக்குதுன்னா ஒயர சந்தேகப்படாதீங்க, ஒரு நோட்டு ஒயருல போக ஒரு மில்லி செகண்டுதான். லேப்டாப்புக்குள்ள இருந்து சத்தம் வர வச்சா அங்க உள்ள பஃபர் (சத்தத்த கொஞ்சம் சேத்து வச்சு விடுறது) செட்டிங்கப் பாருங்க, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டீங்கன்னா எது பண்ணுனாலும் இழுக்கத்தான் செய்யும்.

திருநெல்வேலி டவுன், சர்வீஸ்:

எங்க பெஞ்சுக்கு வர்றதுல நான் பாத்தத சொல்லுதேன். பழைய டேப் ரெக்கார்டர் காலத்து அஞ்சு பின் ஒயர வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து மாட்டிட்டு போர்டு போச்சுன்னு வருவாங்க. பாக்க அதே பின்னு, உள்ள சிலதுல பின்ன குறுக்கா மாத்தி வச்சிருப்பான். மிடிக்கு 4, 5 ரெண்டு பின்னும் நேருக்கு நேர் இருக்கணும், 2 ஷீல்டு, 1ம் 3ம் சும்மா. மல்டிமீட்டர வச்சு முனைக்கு முனை பாத்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும். நீளம் 15 மீட்டர தாண்டக் கூடாது. அப்புறம் ஒரு முனை யூஎஸ்பி, மறு முனை அஞ்சு பின்னுன்னு வர்ற வெல கம்மியான ஒயர்ல இன், அவுட்னு எழுதியிருப்பான், ஒருத்தன் ஒயரோட பக்கத்துல இருந்து சொல்லுவான், இன்னொருத்தன் மாட்ட வேண்டிய ஓட்டையச் சொல்லுவான். வேலை செய்யலன்னா மொதல்ல ரெண்டையும் மாத்திச் சொருகிப் பாருங்க.

கொடைக்குப் போறவங்க கேக்க வேண்டியது இது. ஜெனரேட்டர் கரண்டுல, லேப்டாப் சார்ஜர் போட்டு, யூஎஸ்பில கீபோர்டு, கீபோர்டுல இருந்து மைக் செட்டு மிக்சர். உம்ம்ம்னு ஹம்மு வரும், இல்லன்னா கீச்சுன்னு ஒரு எரைச்சல். யூஎஸ்பில ரெண்டு பக்கத்து எர்த்தும் ஒண்ணா சேந்து ஒரு வளையமாயிருது, அதான். சார்ஜர மட்டும் உருவிப் பாருங்க, நின்னுச்சுன்னா காரணம் அதுதான். பழைய அஞ்சு பின்ல இந்தத் தொல்லைய மொதல்லயே யோசிச்சிருக்காங்க, வாங்குற பக்கத்துல ஒரு குட்டி சிப்பு இருக்கும், உள்ள ஒரு லைட்டு எரியும், எதிர்ல உள்ளது அந்த வெளிச்சத்தப் பாத்து தாக்கல எடுத்துக்கும், கரண்டு நேரா தொடவே தொடாது. அந்தச் சிப்பு 6என்138ன்னு நெறைய போர்டுல பாப்பேன். 1983 சனவரியில அமெரிக்காவுல நடந்த கண்காட்சியில சீக்வென்ஷியல் கம்பெனியோட ப்ராஃபெட் 600, ரோலண்டு கம்பெனியோட ஜூப்பிட்டர் 6ங்கிற ரெண்டு சின்தசைசரையும் இந்த ஒயரு போட்டுச் சேத்துக் காமிச்சாங்க, போட்டிக் கம்பெனிங்க ரெண்டும். அந்தக் காலத்துப் பொருள இன்னைக்கு வந்த கன்ட்ரோலர்ல மாட்டுனாலும் பேசும். 40 வருசம் தாண்டியும் பழசக் கைவிடாம வச்சிருக்க இந்த மாதிரி ஒண்ண என் தொழில்ல நான் வேற பாத்ததில்ல, அதுக்காகவே எனக்கு இது மேல தனிப் பாசம்.

தென்காசி பக்கம், காலேஜ்:

நான் நடுவுல உள்ள ஹோஸ்டுக்கு ராஸ்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வச்சிருக்கேன். அதுல ஏகனெக்ட்னு ஒரு கட்டளை, இதுல இருந்து அதுக்குன்னு ஒரே வரில சேத்துரலாம், ஆன் ஆகும்போதே ஓடுற மாதிரி எழுதி வச்சிட்டேன். ஸ்க்ரீன் வேண்டாம், கரண்ட் குடுத்தா சேந்துக்கும். ஆஃப் பண்ணும்போது மட்டும் சட்டுன்னு உருவக் கூடாது, மெமரி கார்டு கெட்டுரும், எனக்கு ஒண்ணு போயிட்டு.

அம்பாசமுத்திரம் பக்கம், கீபோர்டு:

சர்வீஸ் அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி. போன கொடையில வில்லுப்பாட்டு முடிஞ்சு நாங்க ஏறுன நேரம் மைக் செட்டுக்காரரு என்னையவே மொறைச்சுப் பாத்தாரு, உம்முன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு, அன்னைக்கு போனுக்குப் பதிலா லேப்டாப் வச்சிருந்தேன், சார்ஜரோட. சாமியாடி நிக்கிற நேரம், கீழ எறங்கி ஒயரு பாக்க முடியாது, அப்படியே வாசிச்சு முடிச்சேன். காரணம் இப்பத்தான் தெரியுது.

பாளையங்கோட்டை அக்கா சொன்னத இன்னைக்கே செஞ்சிட்டேன், ஹப்புல மாட்டுன ரெண்டு ஒயரையும் ஸ்டாண்டு கால்ல சுத்திக் கட்டியாச்சு. இன்னும் ஒரு சந்தேகம் இருக்கு. கீபோர்டுக்குள்ளயே உள்ள அசல் நாதஸ்வரம் டோன் அந்தப் பொது லிஸ்ட்ல இல்ல, வேற பேங்க்ல (டோன் அடுக்குல) இருக்கு, எந்த பேங்க்னு சொல்லுத 0, 32ங்கிற ரெண்டு கன்ட்ரோல் நம்பரையும் மொதல்ல அனுப்பிட்டுத்தான் டோன் நம்பர் அனுப்பணும். கீபோர்டு கூட வந்த டேட்டா லிஸ்ட்ல பேங்க் நம்பர் இருக்கு. என் கன்ட்ரோலர்ல ஒரே பேட அமுக்குனா மூணும் வரிசையா போற மாதிரி வைக்க முடியல, யாராவது போன் ஆப்ல அத செஞ்சிருந்தா எப்படின்னு எழுதுங்க. சனிக்கிழமை கல்லிடைக்குறிச்சில கச்சேரி இருக்கு, அதுக்குள்ள கெடைச்சா ரொம்ப உதவியா இருக்கும்.