கழராமல் போன ஸ்கீ: சப்பாத்துக்குக் கீழே இருக்கிற அந்தத் தகடு பற்றி உங்கள் அனுபவம்

பேர்ன் அம்மா

போன மாசி, சுவிஸிலை அடெல்போடனிலை பனிச்சறுக்கு. மகளுக்கு 14 வயது. நீலப் பாதைதான், லேசான சரிவு, வேகமும் இல்லை. இடது ஸ்கீயின்ரை நுனி ஈரப் பனியிலை குத்தி நிண்டிட்டுது, அவள் முன்னுக்குச் சாய்ஞ்சபடி மெல்லச் சுழண்டாள். சப்பாத்தை ஸ்கீயோடை பிடிக்கிற பிண்டுங் (பைண்டிங்) விடேல்லை. கால் ஒரு பக்கம், உடம்பு மற்றப் பக்கம். "அம்மா, கழருதில்லை" எண்டு ரெண்டு தரம் சொன்னாள். அழேல்லை. அந்தக் குரல் இன்னும் என்ரை காதிலை இருக்கு.

டின் இலக்கம், அதாவது எவ்வளவு விசையிலை பிண்டுங் கழரவேணும் எண்டு வைக்கிற இலக்கம், பிழையில்லை. நிறை, உயரம், சப்பாத்து நீளம் எல்லாம் கேட்டுத்தான் வாடகைக்கடையிலை வைச்சுத் தந்தவை. ஆனால் மீட்புக்காரர் ஸ்கீயைக் கழட்டித் தரேக்கை பாத்தன். முன் பாதத்துக்குக் கீழை ஒரு வெள்ளைத் தகடு இருக்குமெல்லோ, சப்பாத்து பக்கவாட்டிலை வழுக்கி வெளியிலை போறதுக்கு. அதுக்கு மேலை ஐஸ் படிஞ்சு கல்லு மாதிரி. தகட்டை விரலாலை தள்ளிப் பாத்தன், அசையேல்லை.

கீழ்க்கால் எலும்பிலை வெடிப்பு, ஆறு கிழமை கட்டு. ஆருக்காவது இப்பிடி நடந்ததோ?

ரொறொன்ரோ மாமா

தங்கச்சி, எனக்கும் புளூ மவுண்டனிலை ஒருக்கா நடந்தது, முழங்கால் நல்லா வீங்கிப்போச்சு. அதை விடுங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பிள்ளையளுக்கு அட்டவணையிலை வாற டின்னிலை இருந்து ஒண்டு குறைச்சு வையுங்கோ. ஒவ்வொரு கிழமையும் பிண்டுங் முழுக்க துரு எடுக்கிற ஸ்ப்ரே அடியுங்கோ, தகட்டுக்கும் சேர்த்து. சீசன் முடிஞ்சா ஸ்பிரிங்கைத் தளர்த்தி வையுங்கோ. சப்பாத்தை வீட்டுக்குள்ளை வைச்சு வடிவாக் காய விடுங்கோ, காரிலை விடக்கூடாது. ரெண்டு சோடி காலுறை போடக்கூடாது, ஒண்டுதான். காலையிலை பனி இறுகியிருக்கேக்கை போங்கோ, மத்தியானத்துக்குப் பிறகு ஈரமாயிடும், அப்பதான் விழுறது கூட. வாடகைச் சாமானை நம்பாமல் சொந்தமா வாங்குங்கோ.

கால்கரி பட்டறை

ஸ்ப்ரே விஷயத்தை மட்டும் தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. அது உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைச்சு வெளியே கொண்டுவந்துடும். நாலு குளிர்காலம் ஒரு கடையில பைண்டிங் பெஞ்ச்ல நின்னவன் சொல்றேன்.

டின்னைக் குறைக்கறதும் இந்தப் பிரச்சினைக்கு மருந்து இல்லை. கணக்கைப் பாருங்க. டின் 4ன்னா, கால் முறுகும்போது சுமார் 40 நியூட்டன் மீட்டர்ல முன்பக்கம் திறக்கணும். அது ஸ்பிரிங்கோட கணக்கு. ஆனா முன்னாடி சாஞ்சு விழறப்போ உடம்போட பாரம் அந்தத் தகடு மேலதான் இறங்குது. 60 கிலோன்னா கிட்டத்தட்ட 600 நியூட்டன். டெஃப்லான் சுத்தமா இருந்து உராய்வு 0.1ன்னு வைங்க, அது 60 நியூட்டன். கீழ்க்கால் எலும்போட அச்சுலேர்ந்து தகடு வரைக்கும் 20 செ.மீ.ன்னா 12 நியூட்டன் மீட்டர் கூடுது. மண்ணோ ஐஸோ சேர்ந்து உராய்வு 0.4 ஆச்சுன்னா 48 கூடுது. 40 இருந்த இடத்துல 88! நீங்க டின்னை ஒண்ணு குறைச்சா கழியறது வெறும் 10. அந்தப் பத்துக்காக நல்ல பனியில சும்மா திரும்பும்போது ஸ்கீ கழண்டு ஓடிடும், அதுவும் ஆபத்துதான்.

எனக்கு மறக்காதது இது. ஒருத்தர் கார் பார்க்கிங்ல அரை கிலோமீட்டர் சப்பாத்தோட நடந்தே வந்தார். எவ்வளவு விசையில பைண்டிங் திறக்குதுன்னு அளக்கற டெஸ்டர்ல மாட்டி அழுத்தம் கொடுத்து முறுக்கினேன், முள் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்னுச்சு. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. அடியில ஒட்டியிருந்த மணலைத் துணியால துடைச்சு, தகட்டையும் துடைச்சு மறுபடி முறுக்கினேன். எல்லைக்குள்ள வந்துடுச்சு. அவர் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துப்போயிருந்தது. அதே சப்பாத்தோட மூணு வருஷமா ஓட்டியிருக்கார்.

ஒஸ்லோவிலிருந்து

மாமா சொன்ன "சொந்தமா வாங்குங்கோ"வும் முழுப் பதில் இல்லை. எங்கடை வீட்டிலை எல்லாம் சொந்தம்தான். திரிசிலிலை ஒரு நாள் இவர் தன்ரை மலையேற்றச் சப்பாத்தை, ரப்பர் அடி உள்ளதை, என்ரை பழைய அல்பைன், அதாவது இறக்கத்திலை மட்டும் சறுக்கிற பைண்டிங்கிலை மாட்டினவர். "கிளிக்" எண்டு சத்தம் கேட்டதாலை சரி எண்டு நினைச்சம். ஏறுறதுக்கு முதல் நான் சும்மா சப்பாத்தின்ரை மூக்கைக் கையாலை பக்கத்துக்குத் தள்ளினன். ரப்பர் தகட்டைக் கவ்வி கிறீச் எண்டுது, ஒரு மில்லிமீட்டர்தான் போச்சு. நெஞ்சு திக்கெண்டுது.

அடி வகைகள் வேறை வேறை. அல்பைனுக்கு ஐஎஸ்ஓ தரம் 5355, மலையேற்றத்துக்கு 9523, நடக்கச் சுகமான ரப்பர் அடி கிரிப்வோக்குக்கு 23223. பைண்டிங்கிலை எந்த வகைக்கு எண்டு போட்டிருக்கு, ஆர் வாசிக்கிறம்?

மூனிச் மாணவன்

கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் படிச்சுட்டு இங்கே மேல்படிப்பு. இந்தத் திரியை ரெண்டு தடவை படிச்சேன், தூக்கம் வரலை.

பழைய பைண்டிங்ல அது ஒட்டவெச்ச டெஃப்லான் துண்டு. சப்பாத்து அது மேல வழுக்கணும், அதனால சப்பாத்தோட அடியும் வழவழப்பா இருந்தே ஆகணும். அப்புறம் வந்தது நகரும் தகடு. சப்பாத்து தகட்டைப் பிடிச்சுக்கிட்டாலும் தகடே பக்கவாட்டுல போகும், ஸ்பிரிங் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும். ரப்பர் அடிக்கு இடம் கொடுத்ததே இந்த மாற்றம்தான். கூடவே தகட்டோட உயரத்தையோ முன்பிடியோட உயரத்தையோ திருகாணியால மாத்தற வசதியும் வந்துச்சு.

ஆனா அம்மா எழுதினதைப் பார்த்து ஒரு சோதனை செஞ்சேன். என் பைண்டிங்கோட தகட்டு ஓரத்துல தண்ணி ஊத்தி ராத்திரி பால்கனியில வெச்சேன். காலையில மைனஸ் 7. கட்டைவிரலால தள்ளினேன், துளிகூட நகரலை. மேற்பரப்பு பளபளன்னு சுத்தமா இருந்தது! ஐஸ் மேல இல்லை, தகடு ஓடற தடத்துக்குள்ள. பார்த்தா தெரியவே தெரியாது. வடிவமைப்புல அடுத்துக் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்னு நினைக்கிறேன். உராய்வைக் குறைக்கற புதுப் பிளாஸ்டிக்கை விட, தடத்துக்கு அடியில தண்ணி வடிய வாய்க்காலும், பனியை வெட்டித் தள்ளற கூர்மையான ஓரமும் முக்கியம். தேய்ஞ்சா வேற நிறம் தெரியற அடுக்கு ஒண்ணு இருந்தா வாடகைக்கடையில ஒரே பார்வையில ஒதுக்கிடலாம்.

ரொறொன்ரோ மாமா

ஸ்ப்ரே பற்றிச் சொன்னதை ஏத்துக்கொள்ளுறன், தம்பி. பத்து வருஷமா அடிச்சனான். நாளைக்கே கொண்டுபோய் டெஸ்டரிலை போடுறன். ஸ்பிரிங் தளர்த்துறதை மட்டும் விடமாட்டன்.

கால்கரி பட்டறை

மாமா, தளர்த்தறதா இருந்தா பழைய எண்ணைக் காகிதத்துல எழுதி ஸ்கீயிலேயே ஒட்டிவைங்க. டிசம்பர்ல தளர்ந்த ஸ்பிரிங்கோட ஓட்ட வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

பேர்ன் அம்மா

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன "தடத்துக்குள்ளை" எண்டதை வாசிச்சு எழும்பிப் போய்ப் பாத்தன். இந்த வருஷம் மகளுக்குச் சொந்த ஸ்கீ. கடையிலை மெசினிலை போட்டுப் பாத்து சுவிஸ் விபத்துத் தடுப்பு அமைப்பான பிஎஃப்யுவின்ரை ஸ்டிக்கரும் ஒட்டித் தந்தவை. இப்ப அவள் ஏறுறதுக்கு முதல் தடியாலை சப்பாத்தின்ரை அடியைச் சுரண்டி, குனிஞ்சு கட்டைவிரலாலை தகட்டை ரெண்டு பக்கமும் தள்ளிப் பாக்கிறாள். நான் சொல்லேல்லை, தானாத்தான்.

ஒரு கேள்வி. வலது ஸ்கீயிலை தகடு தள்ளினவுடனை நடுவுக்கு வருது. இடதிலை வலப்பக்கம் தள்ளினால் பாதியிலை நிண்டு, பிறகு மெல்ல வருது. வீட்டுக்குள்ளை, காய்ஞ்ச நிலையிலைதான் பாத்தன். சனிக்கிழமை போறம். அதுக்கு முதல் மாத்தச் சொல்லவோ?

கால்கரி பட்டறை

மாத்தச் சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள ஆகலைன்னா அந்த ஸ்கீயை எடுத்துட்டுப் போகாதீங்க.