தஞ்சாவூர் – விக்கிரவாண்டி 45சி நெடுஞ்சாலை: பழைய எண்ணும் பழைய வழியும் என்ன ஆயின?

கேள்வி (பாபநாசம் பகுதி வாசகர்):

அன்பர்களுக்கு வணக்கம். பாபநாசத்துக்கும் சுந்தரபெருமாள்கோயிலுக்கும் இடையே சாலையோரமாக எங்கள் குடும்பத்துக்கு ஒரு மனை இருக்கிறது. 2006-இல் எழுதிய கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) ‘தேசிய நெடுஞ்சாலை 45சி-க்குத் தெற்கு’ என்று கண்டிருக்கிறது. இன்றைய வரைபடங்களில் அந்த எண்ணே இல்லை. 36 என்ற எண்தான் இருக்கிறது. அதுவும் எங்கள் வாசலை விட்டு விலகிப் போகும் புதிய நான்குவழிச் சாலையின் மேல் இருக்கிறது. வீட்டெதிரே உள்ள கிலோமீட்டர் கல்லின் மஞ்சள் தலையில், மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் மட்டும் பழைய எண் மங்கலாகத் தெரிகிறது. 45சி எந்த ஊர்கள் வழியாகச் சென்றது, அந்த எண் ஏன் நீங்கியது, பத்திரத்துக்கு இதனால் இடையூறு வருமா என்று விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:

ஐயா, எண் மாறியது வேறு, வழி மாறியது வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தவை அல்ல என்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் எண். அப்போது சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தேனிக்குச் சென்ற சாலைக்கு 45 என்று எண். விக்கிரவாண்டியில் அதிலிருந்து பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி, அணைக்கரை, திருப்பனந்தாள், சோழபுரம், கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் வந்த கிளைக்கு 45சி. 2010-இல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்பவற்றுக்கு இரட்டைப்படை எண்; அது கிழக்கிலிருந்து மேற்காக ஏறும். நம் பக்கத்தில் கடற்கரைச் சாலை 32, உங்கள் சாலை 36, திருச்சி வழியாகத் தூத்துக்குடி செல்வது 38, கன்னியாகுமரிக்குச் செல்வது 44 என்று வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண். அது வடக்கிலிருந்து தெற்காக ஏறும். சிதம்பரம் சாலை 81, நாகப்பட்டினம் சாலை 83, தொண்டி சாலை 85, இராமேசுவரம் சாலை 87. எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் எண்ணைச் சொன்னாலே சாலை எந்தத் திசையில், ஏறத்தாழ எவ்விடத்தில் செல்கிறது என்று ஊகித்துவிடலாம்.

45சி-யோடு தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரை செல்லும் பழைய 226-இன் தென்பகுதியையும் சேர்த்து 36 ஆக்கினார்கள். அதே 226-இன் வடபகுதியான பெரம்பலூர் – அரியலூர் – தஞ்சாவூர் சாலை, 36-இன் கிளை என்ற முறையில் 136 ஆனது.

வழி மாறியது அதற்குப் பிந்தியது. விக்கிரவாண்டி – சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு – சோழபுரம், சோழபுரம் – தஞ்சாவூர் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து, சுமார் 165 கிலோமீட்டருக்கு நான்குவழிப் பணியை மேற்கொண்டார்கள். கடைத்தெருக்களுக்கு நடுவே சாலையை அகலப்படுத்த இடமில்லாத ஊர்களைப் புறவழியாகச் சுற்றிச் சென்றார்கள்.

பதில் 2:

பழைய வழியைப் பற்றிப் பேசும்போது அணைக்கரையை ஊர்ப் பெயராக மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். கொள்ளிடத்துத் தண்ணீரை மறித்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு அனுப்புவது இந்தக் கீழணைதான் (தஞ்சாவூர் நகரை ஒட்டி ஓடும் வடவாறு வேறு, இது வேறு). நடுவில் ஒரு திட்டு இருப்பதால் ஆறு அங்கே இரு பிரிவாகச் செல்கிறது. 45சி அணையை ஒட்டிய அந்தக் குறுகிய பாலங்களின் மேல்தான் சென்றது. சிறுவயதில் கும்பகோணத்திலிருந்து நெய்வேலிக்குப் பேருந்தில் செல்லும்போது, எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடியும்வரை பாலத்தின் முனையில் நிற்போம். மதகில் தண்ணீர் விழும் இரைச்சலில் பேச்சே காதில் விழாது. பின்னர் பாலம் பழுதுபட்டதால் கனரக வாகனங்களுக்குத் தடை விதித்தார்கள். லாரிகள் நீலத்தநல்லூர் – மதனத்தூர் பாலத்தின் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. புதிய வழித்தடத்துக்கு இருந்த அவசரத்தில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

பதில் 3:

பத்திரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. செக்குபந்தியில் கண்ட சாலையின் எண் மாறினாலும் சாலை அதே இடத்தில்தான் இருக்கிறது. மனையை அடையாளம் காட்டுவது சர்வே எண்ணும் உட்பிரிவும் அளவுகளும். புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பட்டாவையும் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பத்திரம் எழுத நேரும்போது ‘முன்பு 45சி என வழங்கிய தஞ்சாவூர் – கும்பகோணம் சாலைக்குத் தெற்கு’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுவே உங்களுக்கு அதிகம் பயன்படும். புறவழி வந்ததும் பழைய சாலை தானாக மாநில அரசின் சாலையாகிவிடாது. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுத்தான் ஒரு சாலையைப் பட்டியலிலிருந்து நீக்க முடியும். அதன்பிறகே அது மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்புக்கு வரும். மதில் எழுப்பவோ சாலையோரம் கடை கட்டவோ எண்ணம் இருந்தால், உங்கள் வாசலில் உள்ள பகுதி இன்று யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதியை யாரிடம் பெறுவது என்பது அதைப் பொறுத்தது. அந்தக் கிலோமீட்டர் கல்லையும் மீண்டும் வண்ணம் பூசுவதற்குள் ஒரு படம் எடுத்து, பத்திர நகலோடு சேர்த்து வையுங்கள். மாநில நெடுஞ்சாலையாக மாறினால் அதன் மஞ்சள் தலை பச்சையாகிவிடும்.