ஊட்டியிலிருந்து ஒரு படம்

குழு: நம்ம வீடு

பெரியப்பா, காலை 10:12
[படம்]
ஊட்டி முத்தோரைப் பக்கம் நிற்கிறோம். மலைச்சரிவில் நீளமாக இது என்ன? திராட்சைப் பந்தலா?

சுதா அத்தை, 10:14
இந்தக் குளிரில் திராட்சையா அண்ணா! கரன்ட் கம்பமாக இருக்கும்.

தீபா, 10:19
இரண்டும் இல்லை 😄 அது ரேடியோ தொலைநோக்கி, பெரியப்பா. வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலைகளைப் பிடிப்பது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டியது, 1970இலிருந்து ஓடுகிறது.

பெரியப்பா, 10:21
வெறும் சட்டம்தானே தெரிகிறது. கண்ணாடி எங்கே?

தீபா, 10:24
24 சட்டங்கள். அவற்றின் மேல் நெடுக 1100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் ஓடுகின்றன, தூரத்திலிருந்து தெரியாது. அதுதான் கண்ணாடி.

சுதா அத்தை, 10:25
இடுக்கு வழியாக அலை போய்விடாதா?

தீபா, 10:27
சல்லடையில் ரவை விழும், தேங்காய் விழுமா அத்தை? வருகிற அலையின் நீளம் கிட்டத்தட்ட 92 செ.மீ.

கார்த்தி, 10:30
சமதளத்தில் கட்டாமல் ஏன் சரிவில்?

தீபா, 10:36
எனக்குப் பிடித்ததே அதுதான். ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அதே 11 டிகிரி சாய்வில், வடக்குத் தெற்காக ஒரு மலையைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி சுழலச் சுழல இதை மெதுவாகப் புரட்டிக்கொண்டே வந்தால் போதும், ஒரே பொருளை 9 மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். பாதி வேலையை மலையே செய்துவிட்டது.

கார்த்தி, 10:38
பார்த்து என்ன கண்டுபிடித்தார்கள்?

தீபா, 10:43
நிலா குறுக்கே வரும்போது ரேடியோ மண்டலங்கள், அதாவது ரேடியோ அலைகளை வீசுகிற தூரத்து விண்மீன் மண்டலங்கள், மறையும். நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது கணக்கில் தெரியும். சிக்னல் சட்டென்று அறுந்தால் பொருள் சின்னது, இழுத்து மங்கினால் பெரியது. இப்படி நிறைய மண்டலங்களை அளந்தார்கள். பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதற்கு அந்த அளவுகளும் சான்றாயின. இப்போது சூரியக் காற்றையும், அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களையும், கவனிக்கிறார்கள்.

சுதா அத்தை, 10:45
படத்தில் மேகம் மூடிக் கிடக்கிறதே, இன்றைக்கு லீவா?

தீபா, 10:46
மேகம், பகல் எதுவும் பிரச்சினை இல்லை அத்தை. செல்போன் சிக்னல்தான் தொல்லை.

பெரியப்பா, 10:48
அப்படியா? போனை அணைத்துவிட்டேன்.

சுதா அத்தை, 10:48
அணைத்த போனிலிருந்தா அண்ணா அனுப்புகிறீர்கள்?