13–10: கொலம்பஸ்காரர் கண்ணில் அந்த ஆட்டம்

நீலமஞ்சள்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்களுக்கு. நான் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் பக்கம். எங்கள் பரம எதிரி, கொலம்பஸ் நகரத்து ஒஹையோ ஸ்டேட்டுடன் நாங்கள் ஆடிய 2024 நவம்பர் ஆட்டத்தை அவர்களின் ரசிகராக நின்று யோசித்துப் பார்த்தேன். கையில் பத்து வெற்றி, சொந்த மைதானம். எதிரே 6 வெற்றி, 5 தோல்வி என்று தட்டுத்தடுமாறி வந்த நாங்கள். அப்படியும் 13–10 தோல்வி, அதுவும் தொடர்ந்து நான்காவது முறை. போதாக்குறைக்கு எங்கள் பையன்கள் நடு மைதானத்தில் கொடியை நட, கைகலப்பு, போலீஸின் மிளகு ஸ்ப்ரே. ஜனவரியில் ஒஹையோ ஸ்டேட்டுக்குத் தேசியக் கோப்பையே வந்தாலும் அந்த எரிச்சல் அடங்காது, இல்லையா?

கொலம்பஸ்_ஆள்: எங்கள் கண்ணால் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு உங்களுக்கு இனிக்கிறதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர்டேம் என்று வரிசையாக அடித்தோம். பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக் அவுட் சுற்றில், 12 அணிகள் வந்தபின் ஒரு தோல்வியோடு பருவம் முடிந்துவிடுவதில்லை.

நீலமஞ்சள்: அப்புறம் ஏன் பயிற்சியாளர் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உங்கள் ஆட்களே அவ்வளவு கத்தினார்கள்? உங்கள் பழைய பயிற்சியாளர் ஜான் கூப்பரையும் மறந்துவிட்டீர்கள். மற்றவர்களிடம் நூறுக்கு மேல் ஜெயித்த மனிதர், எங்களிடம் 2 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா. இன்றும் அவரைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது அந்தக் கணக்குதான்.

கொலம்பஸ்_ஆள்: வலிக்கவில்லை என்று யார் சொன்னது? சரி, இப்போது நீங்கள் எங்கள் நாற்காலியில் உட்காருங்கள். ஆட்டத்தின்போது எதிரணிப் பயிற்சியாளர்கள் வீரர்களுக்குக் காட்டும் சைகையைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அடுத்து மோதப்போகும் அணிகளின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பார்ப்பதற்கு 1994 முதல் தடை. உங்கள் அணி ஊழியர் கானர் ஸ்டேலியன்ஸ் விவகாரம் வெடித்ததே அதில்தான். 2021, 2022 வெற்றிகளை நாங்கள் எப்படிச் சுத்தமானவை என்று நம்புவது?

நீலமஞ்சள்: எல்லாம் அம்பலமானபின், 2023இல் எங்கள் பயிற்சியாளர் ஹார்பா தடையில் மைதானத்துக்கே வராதபோதும் 30–24 என்று ஜெயித்தோம். அடுத்த வருடம் 13–10. அந்த இரண்டுக்கும் என்ன சாக்கு?

கொலம்பஸ்_ஆள்: அந்த இரண்டுக்கும் சாக்கு சொல்ல மாட்டேன். முந்தைய இரண்டைப் பற்றித்தான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

லான்சிங்_பச்சை: மிச்சிகன் ஸ்டேட் ரசிகன் குறுக்கே வரலாமா? நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வெறுத்தாவது மதிக்கிறீர்கள். எங்கள் நிலைமையைப் பாருங்கள். 2007இல் எங்களை ஜெயித்துவிட்டு மிச்சிகன் வீரர் மைக் ஹார்ட் எங்களைத் தம்பி என்று நக்கலடித்தார். அடுத்த நான்கு வருடமும் அவர்களை நாங்கள் தோற்கடித்தோம். அப்போதும் அவர்கள் கண் கொலம்பஸ் மீதுதான்.

நீலமஞ்சள்: அது உண்மைதான். உங்களிடம் தோற்றால் அவமானமாக இருக்கும், ஒஹையோவிடம் தோற்றால் தூக்கம் வராது.

கொலம்பஸ்_ஆள்: லான்சிங் அண்ணே, மிச்சிகனைத் திட்ட எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். அந்தக் கொடி விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். நட்டவர்கள் அவர்கள், அபராதம் மட்டும் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர். இது என்ன நியாயம்?

நீலமஞ்சள்: கொடி நட்டதற்கு ஒரு லட்சம், பிடுங்க வந்ததற்கு ஒரு லட்சம். சரியாகத்தானே இருக்கிறது?